கவுன்சிலிங் அத்தை

எங்கள் குடும்ப வாட்ஸாப் குழுவில் எனக்குக் ‘கவுன்சிலிங் அத்தை’ என்று பெயர். வைத்தவன் யாரென்று தெரியும், இருக்கட்டும். வருஷம் முழுக்க நான் போடும் காலை வணக்கத்துக்குக்கூட அங்கே பதில் வராது. பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று மதியத்திலிருந்து போன் ஓயாது. ஒன்றுவிட்ட அக்கா, எதிர்வீட்டு சார், எங்களுக்குப் பால் ஊற்றுகிறவர் என்று எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: “இந்த மார்க்குக்கு எந்தக் காலேஜ் கிடைக்கும்?”

மார்க்கைச் சொன்னால் நான் கட்-ஆஃப் போட்டுக் கொடுப்பேன். கணக்கு நூற்றுக்கு வாங்கியது அப்படியே, இயற்பியலில் பாதி, வேதியியலில் பாதி, மொத்தம் 200. கணக்கில் 92, இயற்பியலில் 88, வேதியியலில் 91 என்றால் 92 + 44 + 45.5. ஆக 181.5. உதாரணத்துக்காக நான் இட்டுக்கட்டிய எண் இல்லை இது, போன வருஷம் என் அண்ணன் மகன் வாங்கியது. தமிழில் 97 வாங்கியிருந்தான். அதை ஒருத்தரும் கேட்கவில்லை.

ரிசல்ட்டிலிருந்து கல்லூரி திறக்கும் வரை அண்ணன் வீட்டில் நடந்ததைப் பக்கத்திலிருந்தே பார்த்தேன். பார்த்தபிறகு ஒன்று உறுதியாகிவிட்டது. இன்ஜினியரிங் கலந்தாய்வு நாம் நினைக்கிற அளவுக்குப் பயங்கரமான ஏற்பாடு இல்லை. மெதுவானது, அவ்வளவுதான். மே முதல் வாரத்தில் விண்ணப்பம் தொடங்கினால், சீட் கைக்கு வர ஜூலை கடைசி, ஆகஸ்ட் என்று ஆகிவிடுகிறது. அந்த இடைவெளியில் அவசரத்தை விற்றுப் பிழைக்க ஒரு பெரிய கூட்டம் காத்திருக்கிறது. வீட்டில் வரும் சண்டை, தூக்கம் கெடுவது, வட்டிக்கு வாங்குவது எல்லாம் பெரும்பாலும் அந்தக் கூட்டத்தின் புண்ணியம்.

நான் கலந்தாய்வுக்குப் போனது 2000-இல். ஒற்றைச் சாளர முறை வந்து மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. நுழைவுத் தேர்வு இருந்த காலம், பிளஸ் டூவுக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100 என்று கட்-ஆஃப் 300-க்கு இருக்கும். அப்பாவும் நானும் ராத்திரி பஸ் ஏறி விடிகாலையில் சென்னையில் இறங்கி, கிண்டியில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள் மரத்தடியில் உட்கார்ந்து, அம்மா கட்டிக் கொடுத்த புளியோதரையைச் சாப்பிட்டோம். சுற்றிலும் எங்களைப் போலவே மஞ்சள் பையும் ஃபைலுமாகக் குடும்பங்கள். திரையில் காலியிடங்கள் ஓடிக்கொண்டிருக்கும். நாம் மனசுக்குள் குறித்து வைத்த கல்லூரியில் ஒரு எண் குறைந்தால் அப்பா உச்சுக் கொட்டுவார். உள்ளே கூப்பிட்டதும் கொஞ்ச நேரத்தில் முடிவைச் சொல்லியாக வேண்டும். அந்தக் கொஞ்ச நேரம் வயிற்றைக் கலக்கும்தான். ஆனால் சாயங்காலம் ஆர்டரோடு திரும்பி பஸ் ஏறிவிட்டோம். அதோடு பேச்சு முடிந்தது.

பிறகு 2006-இல் சட்டம் கொண்டுவந்து நுழைவுத் தேர்வை எடுத்தார்கள். 2018-இல் கலந்தாய்வு ஆன்லைனுக்குப் போனது. அடுத்த வருஷமே அண்ணா பல்கலைக்கழகத்திடமிருந்து தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் கைக்கு மாறியது. இப்போது வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எல்லாம் செய்யலாம். சென்னைக்கு வந்துபோகக் காசில்லாத வீடுகளுக்கு இது பெரிய நிம்மதி, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஒரு பகலில் அடங்கிய பதற்றம் மூன்று மாதத்துக்கு நீண்டுபோனதுதான் சங்கடம்.

இனி வியாபாரிகள்.

என் அண்ணன் சிவகாசியில் அச்சாபீஸில் மெஷின் ஓட்டுகிறார். பையனுக்குப் பரீட்சை நடந்துகொண்டிருக்கும்போதே அவருக்குப் போன் வர ஆரம்பித்துவிட்டது. நம்பர் எப்படிக் கிடைத்தது என்பதெல்லாம் நம் ஊரில் கேட்கக்கூடாத கேள்வி. ஒரு தனியார் கல்லூரியிலிருந்து இனிமையாகப் பேசும் ஒரு பெண். “சார், இந்த வாரத்துக்குள்ள இருபத்தஞ்சாயிரம் கட்டிட்டீங்கன்னா சீட்டை பிளாக் பண்ணிரலாம் சார். கவுன்சிலிங்ல நல்லது கிடைச்சா அங்க போய்க்கங்க. கிடைக்கலன்னா கையில ஒண்ணு இருக்கும்ல?”

அண்ணன் என்னைக் கூப்பிட்டார். “ஏம்மா, கட்டிரவா? கடைசில ஒண்ணுமே கிடைக்கலன்னா என்ன செய்ய?”

இந்த ‘ஒண்ணுமே கிடைக்கலன்னா’ என்கிற பயத்தை வைத்துத்தான் பாதி வியாபாரம் ஓடுகிறது. தமிழ்நாட்டில் கலந்தாய்வுக்கு இடம் தரும் கல்லூரிகள் நானூறுக்கு மேல். எல்லாச் சுற்றும் முடிந்தபிறகும் வருஷாவருஷம் பல ஆயிரம் இடங்கள் ஆளில்லாமல் கிடக்கின்றன. 181.5 வைத்திருக்கும் பையனுக்கு ஒன்றும் கிடைக்காமல் போக வழியே இல்லை. எது கிடைக்கும் என்பதுதான் கேள்வி. அதற்கு இருபத்தைந்தாயிரம் தேவையில்லை, பொறுமை போதும். “கட்டாதீங்கண்ணே” என்றேன். மூன்று தடவை கேட்டார், மூன்று தடவையும் அதையே சொன்னேன்.

ஏற்கெனவே கட்டிவிட்டவர்களுக்கு ஒரு தகவல். வகுப்பு தொடங்கும் முன் விலகினால், அதிகபட்சம் ஆயிரம் ரூபாயைப் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தரவேண்டும், அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்பது தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழுவின், அதாவது ஏ.ஐ.சி.டி.இ.யின் விதி. கேட்டவுடன் தந்துவிடுவார்கள் என்று சொல்லமாட்டேன். அலைய விடுவார்கள். வாயால் கேட்காமல் எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கி, ஏ.ஐ.சி.டி.இ.க்குப் புகார் போகும் என்று பணிவாகச் சொன்னால் அலைச்சல் குறைகிறது. நன்கொடை என்று ரசீது இல்லாமல் கேட்பதெல்லாம் 1992-ஆம் ஆண்டிலிருந்தே நம் மாநிலத்தில் சட்டப்படி குற்றம். அது எல்லோருக்கும் தெரியும், வாங்குகிறவருக்கும் கொடுக்கிறவருக்கும்.

பணக் கணக்கையும் பேசிவிடுவோம். சிறுபான்மை அல்லாத சுயநிதிக் கல்லூரிகள் 65 சதவீத இடத்தைக் கலந்தாய்வுக்குத் தரவேண்டும், சிறுபான்மைக் கல்லூரிகள் 50 சதவீதம். மீதி நிர்வாக ஒதுக்கீடு. 2017-இல் கட்டண நிர்ணயக் குழு விதித்தபடி, கலந்தாய்வு வழியாக வருகிறவருக்கு வருஷத்துக்கு 50,000 ரூபாய், அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுக்கு 55,000. நிர்வாக ஒதுக்கீட்டில் 85,000, 87,000. இரண்டு பேரும் உட்காருவது ஒரே பெஞ்சில், பாடம் எடுப்பவர் ஒரே வாத்தியார். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் இந்தக் கணக்குக்குள் வராது, அவர்கள் தேர்வும் தனி, கட்டணமும் தனி. கலந்தாய்வில் வந்தவர்களிடமும் பஸ், ஹாஸ்டல், ‘டிரெயினிங்’, சீருடை என்று தனித்தனியாக வாங்குவார்கள் என்பதால், சேரும் முன்பே நான்கு வருஷத்துக்கு மொத்தம் என்ன ஆகும் என்று எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. அண்ணன் கேட்க வெட்கப்பட்டார். நான் கேட்டேன். எனக்கென்ன வெட்கம்.

சான்றிதழ் விஷயத்துக்கு வருகிறேன். மார்க்கைவிட அதிகம் அலைக்கழிப்பது இதுதான், ஆனால் இதைப் பற்றி யாரும் யூடியூபில் பேசுவதில்லை, பார்க்க ஆள் வராது போல. சாதிச் சான்றிதழ், தேவைப்பட்டால் வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் இவற்றை ரிசல்ட் வருவதற்கு முன்பே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிட வேண்டும். ரிசல்ட் வந்த வாரம் போனால் மாவட்டமே அங்கே நிற்கும். வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று ஒவ்வொரு படியாக ஏறித்தான் வரும். முக்கியமாக, ஆதாரிலும் மார்க் ஷீட்டிலும் டி.சி.யிலும் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பிளஸ் ஒன் படிக்கும்போதே பார்த்துவிடுங்கள். ஒரு எழுத்து பிசகினால் அதைத் திருத்த ஒரு கோடை விடுமுறை போதாது.

முதல் பட்டதாரிச் சலுகை 2010-இலிருந்து இருக்கிறது. குடும்பத்தில் பட்டம் வாங்கும் முதல் ஆள் என்றால் கல்விக் கட்டணத்தில் ஒரு பகுதியை அரசு ஏற்கும். கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால் மட்டும்தான், நிர்வாக ஒதுக்கீட்டுக்குக் கிடையாது. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்த்துவிட்டுப் பிறகு இதைத் தேடி வந்து ஏமாறுகிறவர்களை வருஷாவருஷம் பார்க்கிறேன். எங்கள் அண்ணனும் அண்ணியும் பத்தாவதோடு நின்றவர்கள். விசாரிக்க வந்தவர், “உங்க தங்கச்சி இன்ஜினியராமே?” என்று ஒரு கொக்கி போட்டார். குடும்பம் என்றால் பெற்றோர், இரண்டு பக்கத் தாத்தா பாட்டி, கூடப் பிறந்தவர்கள். அத்தை கணக்கில் இல்லை. “நான் இந்தக் குடும்பத்துல இல்லையாம் சார், அரசாணையே சொல்லுது” என்று சிரித்துச் சமாளித்தேன். அண்ணிக்கு அதில் கொஞ்சம் சந்தோஷம் என்று பிறகு தெரிந்தது.

அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்த பிள்ளைகளுக்கு 7.5 சதவீதத் தனி ஒதுக்கீடு 2021-இல் இன்ஜினியரிங்குக்கும் வந்தது. கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டுகிறது. எங்கள் பையன் படித்தது அரசு உதவி பெறும் பள்ளி என்பதால் அவனுக்கு இல்லை. உங்கள் வீட்டில் தகுதியுள்ள பிள்ளை இருந்தால், விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தை விடாமல் நிரப்புங்கள்.

விண்ணப்பத்தை எங்கே நிரப்புவது என்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. பிரவுசிங் சென்டரில் உட்காரும் தம்பி வேகமாக முடிக்க வேண்டும் என்று தன் செல்போன் நம்பரையும் தன் மின்னஞ்சலையும் போட்டுவிடுவார். கெட்ட எண்ணம் இல்லாமலும் செய்வார்கள். பிறகு ஓ.டி.பி. அவருக்குத்தான் போகும். விருப்பப் பட்டியலைப் பூட்டுவதற்கும் ஓ.டி.பி. வேண்டும். பாஸ்வேர்டும் ஓ.டி.பி.யும் இன்னொருவர் கையில் இருந்தால், உங்கள் பிள்ளையின் நான்கு வருஷம் அவர் கையில் இருக்கிறது என்று அர்த்தம். அரசே ஒவ்வொரு மாவட்டத்திலும் கலந்தாய்வு சேவை மையம் நடத்துகிறது, அங்கே போனால் உதவி இலவசம். தெரியாதவர்கள்தான் காசு கொடுத்து வெளியே செய்கிறார்கள்.

ரேண்டம் நம்பர் வந்த அன்று ஒரு கூத்து. பத்து இலக்க எண் அது. இரண்டு பேருக்குக் கட்-ஆஃப் சமமாக இருந்து, கணக்கு மார்க், இயற்பியல் மார்க், பிறந்த தேதி என்று எல்லாம் பார்த்தும் தீராவிட்டால் கடைசியாகத் தொடுவது இதை. பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது பயன்படாமலே போய்விடும். அண்ணி அந்தப் பத்தையும் கூட்டிப் பார்த்து எட்டு வருகிறது என்று இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. 

தரவரிசை வந்தபிறகுதான் உண்மையான வேலை, சாய்ஸ் ஃபில்லிங், அதாவது விருப்பப் பட்டியல் எழுதுவது. நான் சொல்ல வந்த விஷயமும் இங்கேதான் இருக்கிறது.

எதிர்வீட்டு சார் ஒரு யோசனை சொல்லியிருந்தார். “எட்டாத காலேஜை மேல போடாதீங்க, சாய்ஸ் வீணாப் போயிரும். கிடைக்கிற மாதிரி இருக்கிறதை முதல்ல போடுங்க.” இதே யோசனையை ஐயாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். இலவசமாகச் சொன்னாலும் காசுக்குச் சொன்னாலும் தப்பு தப்புதான்.

ஒதுக்கீடு நடப்பது இப்படி. தரவரிசையில் முதலில் இருப்பவரின் பட்டியலை எடுத்து, மேலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, இடம் இருக்கிற முதல் விருப்பத்தைக் கொடுப்பார்கள். பிறகு அடுத்தவர், பிறகு அவருக்கு அடுத்தவர். உங்கள் பிள்ளையின் முறை வரும்போது அவன் பட்டியலையும் கணினி மேலிருந்துதான் பார்க்கும். முதல் விருப்பத்தில் பொதுப் பிரிவில் இடம் இருக்கிறதா, இல்லையென்றால் அவன் சாதிப் பிரிவில் இருக்கிறதா என்று பார்த்து, இரண்டிலும் இல்லையென்றால் இரண்டாவதற்கு இறங்கும். அங்கும் இல்லையென்றால் மூன்றாவது. நடுவில் எத்தனை ‘இல்லை’ வந்தாலும் அவன் வரிசை எண் ஓர் இடம்கூடப் பின்னால் போகாது. கிண்டி கல்லூரியை முதலில் போட்டதற்காக யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. எத்தனை விருப்பம் வேண்டுமானாலும் போடலாம், எண்ணிக்கைக்கு வரம்பு கிடையாது.

அதற்கு மாறாக, ‘கிடைக்கிறதை’ மேலே போட்டால் நிச்சயமாக ஒரு நஷ்டம் உண்டு. அது கிடைத்துவிட்டால் கீழே எழுதியவற்றை இயந்திரம் திரும்பிக்கூடப் பார்க்காது. அந்த வருஷம் பலர் கம்ப்யூட்டர் பக்கம் சாய்ந்ததால், நீங்கள் ஆசைப்பட்ட கல்லூரியில் மெக்கானிக்கல் எதிர்பாராமல் கீழே இறங்கி வந்திருக்கலாம். அதை நாலாவதாக எழுதியிருந்தால் போச்சு. ஆகவே ஆசைப்படுகிற வரிசையில் எழுதவேண்டும், கிடைக்குமோ என்கிற வரிசையில் எழுதக்கூடாது. கிடைத்தாலும் போகமாட்டேன் என்கிற கல்லூரியைப் பட்டியலில் சேர்க்கவே கூடாது. போதுமான நீளமும் வேண்டும், பத்து பன்னிரண்டு எழுதிவிட்டு நிறுத்தினால் ஒன்றும் கிடைக்காமல் அடுத்த சுற்றுக்குப் போக நேரும்.

போன வருஷக் கட்-ஆஃப் பட்டியல் கலந்தாய்வு இணையதளத்திலேயே கல்லூரிவாரியாக, பாடப்பிரிவுவாரியாக, சாதிப் பிரிவுவாரியாகக் கிடைக்கிறது. அதைப் பார்க்கும்போது மார்க்கைவிட ரேங்கைப் பாருங்கள். கணக்குத் தாள் சுலபமாக வந்த வருஷத்தில் 185 வாங்கியவர் கூட்டத்தில் ஒருவர். கஷ்டமாக வந்த வருஷத்தில் அதே 185 நல்ல இடத்துக்குப் போகும். 

கல்லூரிப் பெயரைவிட கோட் எண்தான் நிஜம் என்பதையும் சொல்லவேண்டும். கிண்டி 1, குரோம்பேட்டை எம்.ஐ.டி. 4, கோவை பி.எஸ்.ஜி. டெக் 2006. ஒரே மாதிரிப் பெயரில் இரண்டு மூன்று கல்லூரிகள் உண்டு. ஒரே கல்லூரியில் ஒரே பாடப்பிரிவு சாதாரணம், சுயநிதி என்று இரண்டு வரியில் வரும், கட்டணம் வேறு. எங்கள் பையன் ஒரு நோட்டில் முதலில் கையால் எழுதினான், பிறகு நானும் அவனும் உட்கார்ந்து கோட் எண்ணைச் சத்தமாக வாசித்துச் சரிபார்த்தோம், அதற்கப்புறம்தான் கணினி. 

எந்தக் கல்லூரி என்பதில் நான் பார்க்கும் விஷயங்கள் கொஞ்சம்தான். என்.பி.ஏ. அங்கீகாரம் தனித்தனிப் பாடப்பிரிவுக்குத் தருவது, நாக் தரச்சான்று மொத்தக் கல்லூரிக்குத் தருவது. வாசலில் நாக் பலகை பெரிதாக இருந்தால், நீங்கள் சேரப்போகும் பிரிவுக்கு என்.பி.ஏ. இருக்கிறதா என்று தனியாகக் கேட்க வேண்டும். தன்னாட்சி இல்லாத கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை ஒவ்வொரு செமஸ்டருக்கும் அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடுகிறது, அது பேனரைவிட நம்பகமானது. பேனரில் ஒரே பையன் நான்கு கம்பெனி ஆஃபரோடு நான்கு தடவை சிரிப்பான். ஒரே பேராசிரியர் பல கல்லூரிகளில் முழுநேர ஆசிரியராகக் காட்டப்பட்டிருந்ததை 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் வெளியே கொண்டுவந்தது நினைவிருக்கும். அதனால் கல்லூரியைப் பார்க்கப் போகும்போது முதல்வர் அறையில் காபி குடித்துவிட்டுத் திரும்பாமல், இரண்டாம் வருஷப் பையன்கள் நிற்கும் டீக்கடைக்குப் போய் விசாரியுங்கள். உண்மை அங்கேதான் கிடைக்கிறது, டீயும் மலிவு.

பாடப்பிரிவுச் சண்டை எங்கள் வீட்டிலும் நடந்தது. அண்ணன், சொந்தக்காரர்கள், அச்சாபீஸ் முதலாளி, எல்லோரும் கம்ப்யூட்டர் கட்சி. பையன் எலக்ட்ரிக்கல் என்றான். எட்டாம் வகுப்பிலிருந்து லீவு நாட்களில் மாமாவின் மோட்டார் வைண்டிங் கடையில் உட்கார்ந்து பழகியவன், காயில் சுற்றத் தெரியும். “எலக்ட்ரிக்கல் படிச்சிட்டு இ.பி.ல கம்பம் ஏறப் போறியா?” என்று அண்ணன் கேட்டது எனக்கே கொஞ்சம் அதிகமாகப் பட்டது. கம்ப்யூட்டர் படிக்காதே என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. ஆனால் ஒரு பிரிவுக்கு இத்தனை இடம்தான் என்கிற உச்சவரம்பை 2024-இல் ஏ.ஐ.சி.டி.இ. எடுத்துவிட்டது. அதற்குப் பிறகு கல்லூரிகள் கம்ப்யூட்டரையும் அதன் பங்காளிகளையும் தாராளமாகப் பெருக்கிவிட்டன. செயற்கை நுண்ணறிவு, தரவு அறிவியல், சைபர் பாதுகாப்பு என்று பெயர் வைத்த பிரிவுகளுக்கெல்லாம் பாடம் எடுக்க ஆள் இருக்கிறதா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள், பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொள்வார்கள். ஆள் இல்லாத வகுப்பில் கம்ப்யூட்டர் படிப்பதைவிட, நல்ல ஆய்வகம் உள்ள இடத்தில் எலக்ட்ரிக்கல் படிப்பது மேல் என்பது என் கட்சி.

இந்தச் சண்டைகளுக்கு நடுவில் பையன் பேசுவதைக் குறைத்துக்கொண்டான். வாலிபால் ஆடப் போவதில்லை. ஒருநாள் மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது சொன்னான்: “அப்பா ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு போன்ல கட்-ஆஃப் பாக்குறாரு அத்தை. நான் தூங்குற மாதிரியே படுத்திருக்கேன்.”

எனக்குச் சுருக்கென்றது. பிள்ளையைவிடப் பெற்றவர்களுக்குப் பயம் அதிகம், அந்தப் பயத்தையும் சேர்த்துப் பிள்ளைதான் சுமக்கிறது. அன்று சாயங்காலம் அண்ணனை உட்காரவைத்துப் பேசினேன். கலந்தாய்வுப் பேச்சு ராத்திரி ஏழிலிருந்து எட்டு வரை மட்டும். சாப்பிடும்போது கிடையாது. விசாரிக்கிற சொந்தக்காரர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியது நான், பையன் இல்லை. அண்ணன் போனில் இருந்த கட்-ஆஃப் செயலி இரண்டையும் அவர் கண்ணெதிரிலேயே அழித்தேன். முறைத்தார். மறுநாள் ஒன்றைத் திரும்ப ஏற்றிவிட்டார் என்றாலும், ராத்திரி பார்ப்பதில்லை. பையன் மூன்றாம் நாள் வாலிபாலுக்குப் போனான்.

எல்லா வீட்டிலும் இப்படிப் பேசித் தீராது. பிள்ளை சாப்பிடாமல், தூங்காமல், தன்னைப் பற்றியே மட்டமாகப் பேசிக்கொண்டிருந்தால் அதை ‘ரிசல்ட் டென்ஷன்’ என்று தள்ளிவிடாதீர்கள். 104-க்குக் கூப்பிட்டால் மனநல ஆலோசகரோடு பேசலாம், 14416 டெலி மானஸ் எண்ணிலும் தமிழில் பேசுகிறார்கள். பெற்றவர்களும் பேசலாம், பேசவேண்டியவர்கள் அவர்களாகவும் இருக்கலாம்.

முதல் சுற்றின் வால் பகுதியில் பையனுக்கு முறை வந்தது. தற்காலிக ஒதுக்கீட்டில் பட்டியலில் ஒன்பதாவதாக எழுதிய தனியார் கல்லூரி வந்தது, எலக்ட்ரிக்கல். வந்ததும் திரையில் ஐந்து வழி காட்டும், இந்த இடத்தில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். ‘அக்செப்ட் அண்ட் ஜாயின்’ என்றால் இது போதும், சேர்கிறேன், குறித்த நாளுக்குள் கல்லூரியில் போய்ப் பணம் கட்டிவிடவேண்டும். ‘அக்செப்ட் அண்ட் அப்வர்டு’ என்றால் இதைக் கையில் வைத்துக்கொள்கிறேன், மேலே எழுதிய ஏதாவது காலியானால் கொடுங்கள். இதற்குச் சேவை மையத்தில் போய்ப் பணம் கட்டவேண்டும். ‘டிக்ளைன் அண்ட் அப்வர்டு’ என்றால் இது வேண்டாம், மேலே இருப்பது கிடைத்தால் மட்டும் சரி. மற்ற இரண்டும் வேண்டாம், அடுத்த சுற்றுக்குப் போகிறேன் என்பதும், வேண்டவே வேண்டாம் என்று வெளியேறுவதும்.

நாங்கள் இரண்டாவதை அழுத்தினோம். அதில் ஒன்றை மறக்கக்கூடாது. மேலே உள்ளது கிடைத்துவிட்டால் கையில் இருந்தது தானாகப் போய்விடும், பழையதே தேவலை என்று திரும்ப முடியாது. அதனால் பட்டியலின் மேல் பகுதி முழுக்க நிஜமாகவே ஆசைப்பட்டதாக இருக்கவேண்டும். கடைசி நிமிஷத்தில் யாரோ சொன்னார்கள் என்று மேலே எதையாவது செருகியிருந்தால் அதுதான் வந்து மாட்டும். மேலே இடம் காலியாவது எப்படியென்றால், சிலர் பணம் கட்ட வருவதில்லை. சிலர் மருத்துவத்துக்கோ திருச்சி என்.ஐ.டி. மாதிரி இடங்களுக்கோ போய்விடுகிறார்கள். அவர்கள் விட்ட இடம் கீழே இறங்கி வரும்.

பையனுக்கு ஐந்தாவது விருப்பம் இறங்கி வந்தது. தெற்கே ஓர் அரசுக் கல்லூரி, எலக்ட்ரிக்கல். எதிர்வீட்டு சார் ‘எட்டாது’ என்று சொன்ன ஐந்தில் அதுவும் ஒன்று. அண்ணன் அவரிடம் போய் அதைச் சொல்லாமல் இருக்க நான் பட்ட பாடு தனிக் கதை. அரசுக் கல்லூரிக் கட்டணம், முதல் பட்டதாரிச் சலுகை எல்லாம் போக, அண்ணன் வட்டிக்கு வாங்கவில்லை.

கிடைக்காமல் போயிருந்தாலும் வானம் இடிந்து விழுந்திருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அடுத்தடுத்த சுற்றுகள் இருக்கின்றன. துணைத் தேர்வில் தேறியவர்களுக்குத் துணைக் கலந்தாய்வு இருக்கிறது. பாலிடெக்னிக் முடித்தவர் நேராக இரண்டாம் வருஷத்தில் சேர வழி இருக்கிறது. என்னோடு படித்ததிலேயே கை வேலை நன்றாகத் தெரிந்தவர்கள் அப்படி வந்தவர்கள்தான்.

பையன் இப்போது ஹாஸ்டலில் இருக்கிறான். முதல் செமஸ்டரில் கணக்கில் ஒரு அரியர் வைத்திருக்கிறான், அதைப் பற்றி அடுத்து எப்போதாவது எழுதுகிறேன். இருபத்தைந்தாயிரம் கேட்ட அந்தக் கல்லூரிப் பெண் அண்ணனை இன்னும் கூப்பிடுகிறார். போன வாரம் அண்ணி எடுத்திருக்கிறார். பையன் சேர்ந்துட்டானே என்றதும், “அப்படியா மேடம், ரொம்ப சந்தோஷம். வீட்ல வேற யாராச்சும் படிக்கிறாங்களா?” என்று கேட்டாராம். சின்னவள் பத்தாம் வகுப்பு என்று அண்ணி சொல்லிவிட்டார். பெயரையும் சொல்லி, கணக்கில் கெட்டிக்காரி என்றும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார்.